ஒரு குக்கர், ஒரு தாளிப்பு: வார நாள் இரவுச் சமையல்

நம் சமையலில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அடுப்பு இல்லை. உரிப்பதும், துருவுவதும், அரைப்பதும், அப்புறம் மிக்ஸி ஜாரைக் கழுவுவதும்தான். இருபது சின்ன வெங்காயம் உரிக்கப் பத்து நிமிடம், தேங்காய் உடைத்துத் துருவ இன்னொரு பத்து நிமிடம். குழம்பு, ரசம், பொரியல், கூட்டு என்று நான்கு ஐட்டம் வைத்தால் தாளிப்பு மட்டுமே நான்கு தடவை. வேலை முடிந்து ஏழரைக்கு வீட்டுக்கு வருகிறவர் இதை முயலவே வேண்டாம். அரைக்கும் வேலை இல்லாத, ஒரே தாளிப்பில் முடிகிற சமையல் நம்மிடமே நிறைய இருக்கிறது. அவற்றில் சிலவற்றை அளவோடு இங்கே பார்ப்போம்.

எல்லா அளவும் இரண்டு பேருக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி. ஸ்பூன் என்று சொன்னால் டீஸ்பூன்.

முதலில் குக்கர் கணக்கு

"பதினைந்து நிமிடத்தில் சாதம்" என்று சொல்பவர்கள் விசில் வரும் நேரத்தை மட்டும்தான் எண்ணுகிறார்கள். மூன்று லிட்டர் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் முதல் விசிலுக்கு ஏழெட்டு நிமிடம், அடுத்த இரண்டுக்கு நாலைந்து நிமிடம், பிரஷர் அடங்கப் பத்து நிமிடம். மொத்தம் 21 முதல் 23 நிமிடம் ஆகிவிடும். அதனால் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அரிசியைக் களைந்து ஊறப்போடுவது. முகம் கழுவி உடை மாற்றும் பதினைந்து நிமிடம் அது ஊறட்டும். ஊறிய அரிசி ஒரே சீராக வேகும், பருப்பும் கூட இருந்தால் அதுவும் வசத்துக்கு வரும்.

பிரஷர் அடங்குவதற்குள் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிடுவது பலருக்குப் பழக்கம். சாதத்தில் அதைச் செய்தால் கஞ்சி நுரை பீய்ச்சி அடித்து அடுப்பு முழுக்க வழியும், கையிலும் படும். மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் அடுப்பைத் துடைக்கவே போய்விடும்.

தண்ணீர் அளவு அரிசிக்கு அரிசி மாறும். ஒரு டம்ளர் பொன்னிப் பச்சரிசிக்கு, குழம்பு ஊற்றிச் சாப்பிட இரண்டரை டம்ளர் தண்ணீர். எலுமிச்சை சாதம் போல உதிரியாக வேண்டுமென்றால் இரண்டு. தயிர் சாதத்துக்கு மூன்றரை. புழுங்கல் அரிசிக்கு மூன்று டம்ளரும் கூடுதலாக ஒன்றிரண்டு விசிலும். புது அரிசி சீக்கிரம் குழையும் என்பதால் முதல் தடவை கால் டம்ளர் குறைத்தே வையுங்கள்.

அரிசிம்பருப்பு

வார நாள் சாப்பாடு என்று ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதென்றால் அது கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து அரிசிம்பருப்பாக இருக்கட்டும். கொங்கு வீடுகளில் அவசரத்துக்குக் கைகொடுப்பது இதுதான். சோறும் குழம்பும் ஒரே பாத்திரத்தில் வேகும், தொட்டுக்கொள்ள அப்பளம் போதும். சாம்பார் சாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் புளி கிடையாது, காய் கிடையாது. வாசனை முழுக்கச் சீரகம், பூண்டு, வெங்காயத்திலிருந்து வருவது.

தேவையானவை: அரிசி 1 டம்ளர், துவரம் பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதல், சின்ன வெங்காயம் 12 (இல்லாவிட்டால் பெரிய வெங்காயம் 1), பூண்டு 8 பல், தக்காளி 1, வரமிளகாய் 3, சீரகம் 1 ஸ்பூன், மிளகு அரை ஸ்பூன், கடுகு அரை ஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, மஞ்சள் தூள் கால் ஸ்பூன், சாம்பார் தூள் 1 ஸ்பூன், உப்பு ஒன்றேகால் ஸ்பூன், கடலை எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்.

அரிசியையும் பருப்பையும் சேர்த்தே களைந்து ஊறவையுங்கள். குக்கரிலேயே எண்ணெய் ஊற்றி, காய்ந்ததும் கடுகு. கடுகு பொரிந்து ஓய்ந்த பிறகுதான் மிளகு, சீரகம், வரமிளகாய். சீரகம் சிவந்த அடுத்த நொடி வெங்காயத்தைப் போட்டுவிட வேண்டும். தயங்கினால் கருகிக் கசக்கும். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, பிறகு தக்காளி. தக்காளி கரைந்து, ஓரத்தில் எண்ணெய் தெரியும்வரை இரண்டு மூன்று நிமிடம் வதக்கி, மஞ்சளும் சாம்பார் தூளும் போட்டுத் தூள் கருகும் முன் நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். புழுங்கல் அரிசி என்றால் நாலரை.

உப்புப் போட்டதும் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். அப்போதே சரியாக இருந்தால், அரிசியும் பருப்பும் இழுத்தபின் சப்பென்று போய்விடும். தண்ணீர் கொதித்ததும் ஊறிய அரிசி பருப்பைப் போட்டு, கரண்டியால் அடிவரை ஒருமுறை சுரண்டிக் கிளறி மூடுங்கள். மிதமான தீயில் பச்சரிசிக்கு மூன்று விசில், புழுங்கலுக்கு ஐந்து. தானாக அடங்கியதும் திறந்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கிளறினால் சாப்பிடலாம்.

இதில் சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். அடி பிடிக்கிறதா? தக்காளி மசாலா அடியில் ஒட்டியிருக்க, அதைச் சுரண்டாமல் மூடியிருப்பீர்கள். மூடும் முன் அந்த ஒரு கிளறலைத் தவறவிடாதீர்கள். பருப்பு மட்டும் முழுசாக நிற்கிறதா? ஊறவில்லை, அல்லது தக்காளி அதிகம், அல்லது பழைய பருப்பு. புளிப்பு ஏறினால் பருப்பு வேகத் தயங்கும், அதனால்தான் ஒரு தக்காளிக்கு மேல் வேண்டாம் என்பது. போர்வெல் உப்புத் தண்ணீருக்கும் இதே குணம் உண்டு; அப்படிப்பட்ட ஊரில் சமையலுக்குக் குடிநீரையே எடுங்கள். மூன்றாவது, விசில் வழியாக மஞ்சள் தண்ணீர் பீய்ச்சுவது. பருப்பு நுரைத்துப் பொங்கும் பொருள் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மூன்று லிட்டரில் இந்த அளவு சரியாக இருக்கும். இரண்டு லிட்டர் குக்கரில் வைத்தால் சுவரைத்தான் துடைக்க வேண்டியிருக்கும்.

ஆறினால் இறுகும். அது இயல்பு. வெந்நீர் அரை டம்ளர் விட்டுக் கிளறினால் இளகிவிடும். பச்சைத் தண்ணீர் விட்டால் தண்ணீர் தனி, சோறு தனியாக நிற்கும்.

ரசமும் முட்டைப் பொரியலும், இரண்டு அடுப்பில்

பருப்பு வேகவைக்காத தக்காளி ரசம். ஒரு அடுப்பில் சாதக் குக்கர் ஏறியதும் இந்த வேலையைத் தொடங்கினால், பிரஷர் அடங்கும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

குக்கரை ஏற்றியவுடன் நெல்லிக்காய் அளவு புளியை அரை டம்ளர் வெந்நீரில் போடுங்கள். அது ஊறும் ஐந்து நிமிடத்தில் இரண்டு பெரிய வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒன்றரை ஸ்பூன் சீரகம், தோலோடு நான்கு பல் பூண்டு மூன்றையும் உரலில் கொரகொரப்பாகத் தட்டுங்கள். உரல் இல்லையென்றால் கனமான டம்ளரின் அடிப்பாகம் போதும். மிக்ஸியில் மையாக அரைத்தால் ரசம் கலங்கிக் கூழ் போல ஆகும்.

நன்றாகப் பழுத்த மூன்று தக்காளியைப் பாத்திரத்தில் கையாலேயே பிசைந்து, புளித்தண்ணீர், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்து இரண்டாவது அடுப்பில் கொதிக்கவிடுங்கள். ஆறேழு நிமிடத்தில் பச்சை வாசனை போய்விடும். இந்தக் கொதிதான் ரசத்தின் பலம், இதில் அவசரம் வேண்டாம். பிறகு தட்டிய மிளகு சீரகமும் இரண்டரை டம்ளர் தண்ணீரும். இனி ரசத்தை விட்டு நகரக்கூடாது. ஓரங்களில் நுரை கட்டி நடுவை நோக்கிக் கூடும்போதே அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மிளகு சீரக வாசனை ஆவியோடு போய், காரமும் லேசான கசப்பும் மட்டும் மிஞ்சும். மல்லித்தழை கிள்ளிப் போட்டு, ஒரு ஸ்பூன் நெய்யில் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டி மூடி வையுங்கள்.

தாளிப்புக் கரண்டியை இறக்கிவிட்டு அதே அடுப்பில் வாணலியை ஏற்றுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் நறுக்கிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் உப்பு. உப்பை வெங்காயத்தோடு போட்டால் அது சீக்கிரம் நீர் விட்டு வதங்கும். ஆனால் அந்த நீர் வற்றிய பிறகே முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். ஈரத்தில் ஊற்றினால் பொரியல் ஆகாமல் கூட்டு போலச் சொதசொதவென்று நிற்கும். மூன்று முட்டை, ஒரு சிட்டிகை மஞ்சள். ஊற்றியதும் இருபது எண்ணும்வரை கை வைக்காமல் இருந்தால் பெரிய பெரிய துண்டாக வரும். பிறகு கிளறி, வெந்து இன்னும் லேசாக ஈரம் மினுங்கும்போதே மிளகுத்தூள் தூவி அணைத்துவிடுங்கள். வாணலிச் சூட்டில் மீதி வெந்துகொள்ளும். அடுப்பில் வைத்தே காயவிட்டால் ரப்பர் மாதிரி ஆகும்.

முட்டை சாப்பிடாத வீட்டில் அந்த இடத்துக்குப் பருப்புத் துவையல்: கால் டம்ளர் துவரம் பருப்பைச் சிவக்க வறுத்து, மூன்று வரமிளகாய், இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய், கொட்டைப்பாக்கு அளவில் பாதி புளி, உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரைப்பது. அரைக்கும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண்தான். ஆனால் ரசத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கவும் செய்யும்.

நேற்றைய சோறு

மிஞ்சிய சோற்றில் எலுமிச்சை சாதம் பத்து நிமிட வேலை. அதற்கு முன் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் சாகாமல் இருக்கும். சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நச்சு உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. வாசனையும் மாறியிருக்காது என்பதால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. இரவு சாப்பிட்டு முடித்ததும் மீதியைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

ஒரு டம்ளர் அரிசி அளவு சோற்றுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, ஒரு ஸ்பூன் உளுத்தம் பருப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மூன்று பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள். வேர்க்கடலைக்கும் கடலைப்பருப்புக்கும் சிவக்க நேரம் பிடிக்கும், உளுந்து சட்டென்று சிவந்துவிடும். அந்த வரிசையிலேயே போடுங்கள். ஃப்ரிட்ஜ் சோறு கட்டியாக இருக்கும் என்பதால் முதலில் கையால் உதிர்த்து, தாளிப்பில் போட்டு நன்றாகச் சூடு ஏறும்வரை பிரட்டி, உப்பும் போட்டு அடுப்பை அணையுங்கள். எலுமிச்சைச் சாறு அதற்குப் பிறகுதான். ஒரு பெரிய பழம், சின்னதென்றால் இரண்டு. சாறு இரண்டரை டேபிள்ஸ்பூன் வர வேண்டும். அடுப்பு எரியும்போது சாறு விட்டால் கசக்கும், விதை ஒன்று நசுங்கினாலும் கசக்கும். பழத்தைக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பும் சேர்ந்து வரும்.

கடையில் இடியப்பம் வாங்கி வரும் நாளில்

யாழ்ப்பாணத்துச் சொதி வைக்கலாம். திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் பாசிப்பருப்பும் காய்களும் போட்ட சொதி வேறு. அது ஆற அமரச் செய்வது. யாழ்ப்பாண வீடுகளில் இடியப்பத்துக்கும் பாணுக்கும் (ரொட்டிக்கு அங்கே அதுதான் பெயர்) ஊற்றிக்கொள்ளும் சொதி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், வதக்கவே தேவையில்லை.

பெரிய வெங்காயம் ஒன்று, கீறிய பச்சை மிளகாய் நான்கு, கறிவேப்பிலை, அரை ஸ்பூன் வெந்தயம், கால் ஸ்பூன் மஞ்சள், உப்பு, ஒரு தக்காளி. எல்லாவற்றையும் இரண்டு டம்ளர் இரண்டாம் பாலில் போட்டு எட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பெட்டித் தேங்காய்ப்பால் என்றால் 100 மில்லியை 300 மில்லி தண்ணீரில் கரைத்தால் அதுவே இரண்டாம் பால். வெங்காயம் வெந்ததும் தீயைக் குறைத்து முக்கால் டம்ளர் முதற்பால் ஊற்றி, கையை எடுக்காமல் துழாவுங்கள். விளிம்பில் முதல் குமிழி கிளம்பும்போது இறக்கிவிட வேண்டும். கொதித்துவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும், அதைத் திருப்பிச் சேர்க்க வழியில்லை. தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன், இறக்கி இரண்டு நிமிடம் ஆறிய பிறகு.

வீட்டில் பால் எடுப்பவர்கள் உறையவைத்த தேங்காய்த் துருவலை வெந்நீர் விட்டு அடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தேங்காயின் கொழுப்பு உறைந்து சக்கையோடு நின்றுவிடும், பால் நீர்த்துப் போகும்.

ரவையும் தயிரும், சுருக்கமாக

உப்புமாவைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் கட்டி தட்டிய உப்புமாவைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு டம்ளர் ரவையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வாசனை வரும்வரை நாலைந்து நிமிடம் வறுத்தால் மணி மணியாக நிற்கும். தண்ணீர் இரண்டரை டம்ளர். அது குபுகுபுவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறுகையால் கிளற வேண்டும். கொதிக்காத தண்ணீரில் கொட்டினாலும், மொத்தமாகக் கொட்டினாலும் கட்டிதான். மூடி மூன்று நிமிடம் புழுங்கவிட்டு, எலுமிச்சை அரை மூடி பிழிந்தால் போதும்.

தயிர் சாதம் மதிய டப்பாவுக்கு. காலையில் கட்டிய சாதம் ஒரு மணிக்குப் புளித்துப் போகிறதென்றால் தயிர் அதிகம், அல்லது சோறு சூடாக இருக்கும்போதே தயிரைக் கலந்திருப்பீர்கள். குழைய வெந்த சோற்றைச் சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் ஒரு டம்ளர் ஊற்றிப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு டேபிள்ஸ்பூன் தயிர் மட்டும் கலக்குங்கள். மதியத்துக்குள் அந்தப் பால் தோய்ந்து பதமாக இருக்கும். காலையில் தளரத் தெரிந்தால்தான் மதியம் சரியாக இருக்கும். பச்சை வெங்காயம் போடாதீர்கள், டப்பாவைத் திறந்ததும் வாடை தூக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

வாரம் முழுவதுக்கும் காய் நறுக்கி டப்பாக்களில் அடுக்கும் முறை நம் சமையலுக்கு அவ்வளவாக ஒத்துவராது. நறுக்கிய வெங்காயம் ஃப்ரிட்ஜ் முழுக்க வாடை பரப்பும், நறுக்கிய கத்தரிக்காய் கறுத்துப் போகும். செய்து வைத்தால் பலன் தருபவை வேறு. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு உரித்து, ஈரம் போகத் துடைத்து டப்பாவில் வைத்தால் நாலைந்து நாள் இருக்கும். தேங்காயைத் துருவி, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போடலாம். கறிவேப்பிலையை உருவி, ஈரம் உலர்த்தி, காகிதம் விரித்த டப்பாவில் மூடி வைக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது புளிக்காய்ச்சல். 100 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு டம்ளர் அளவு கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். அரைக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நல்லெண்ணெய் காயவைத்து, ஒரு ஸ்பூன் கடுகு, இரண்டு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, பத்து வரமிளகாய், கறிவேப்பிலை, அரை ஸ்பூன் பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசல், ஒரு ஸ்பூன் மஞ்சள், இரண்டரை டேபிள்ஸ்பூன் கல் உப்பு, சுண்டைக்காய் அளவு வெல்லம் சேருங்கள். மிதமான தீயில் அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் எப்போதாவது கிளறினால் போதும். கெட்டியாகத் தொடங்கியதும் பக்கத்திலேயே நில்லுங்கள், எரிமலை மாதிரித் தெறிக்கும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு ஸ்பூன், தனியா ஒரு டேபிள்ஸ்பூன் தூவி இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

ஒரு டம்ளர் அரிசி வடித்த சோற்றுக்கு இரண்டரை டேபிள்ஸ்பூன் காய்ச்சல் பிடிக்கும். வறுத்த வேர்க்கடலையைக் காய்ச்சலில் போட்டு வைக்காதீர்கள், நமத்துவிடும். பிசையும்போது சேர்த்தால் போதும். கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். இடையிலேயே பூஞ்சை பிடித்தால், கொதித்தது போதாமல் தண்ணீர் தங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ ஈரக் கரண்டியை விட்டிருக்க வேண்டும். பூஞ்சையை மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். மேலே எப்போதும் ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றி மூடுங்கள்.